பிட்டென்சர் சப்நெட்டில் பணம் போடுமுன்: யார் கையில் சாவி, பூலில் எவ்வளவு ஆழம், எப்படி வெளியேறுவது

பிட்டென்சர் என்பது ஏஐ வேலைக்கு டாவோ என்ற கிரிப்டோ காசில் வெகுமதி தரும் நெட்வொர்க், அதன் உட்பிரிவுகள்தான் சப்நெட்டுகள். இதற்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். ஏபிஒய் (ஆண்டு வருவாய் விகிதம்) அதிகமாகத் தெரியும் சப்நெட்டைப் பிடிக்கிறார்கள், டாவோவை அதில் போடுகிறார்கள், விலை சரிந்த பிறகு "இதை யார் நடத்துறாங்க?" என்று டெலிகிராம் குழுவில் கேட்கிறார்கள். கடைசியில் வரும் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டியது.

கீழே உள்ள படிகளில் முதல் ஐந்துக்கும் ஒரு பைசா செலவில்லை. அவற்றில் எதில் தடுக்கினாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பணம் தேவைப்படும் படிகளைப் பின்னால் வைத்ததற்கு அதுதான் காரணம்.

## 0. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எக்ஸ்ப்ளோரர், அதாவது சங்கிலியின் (பிளாக்செயினின்) பதிவுகளைக் காட்டும் தளம். டாவோஸ்டாட்ஸ் போதும். எதையும் இணைக்காமல், வாலெட் இல்லாமலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம். "பார்ப்பதற்கே வாலெட்டை இணை" என்று கேட்கும் தளத்திலிருந்து உடனே வெளியே வாருங்கள்.

ஒரு விரிதாள். பார்த்த தேதி, சப்நெட் எண், பூலில் (டாவோவும் சப்நெட்டின் ஆல்ஃபா டோக்கனும் ஒன்றுக்கொன்று மாற்றப்படும் பொதுக் கையிருப்பில்) உள்ள டாவோ, பூலில் உள்ள ஆல்ஃபா, வெளியே உள்ள ஆல்ஃபா, ஓனரின் முகவரி என்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். தேதிப் பத்தியை விடாதீர்கள். இந்த நெட்வொர்க்கில் ஆறு மாதப் பழைய தகவல் பெரும்பாலும் செல்லாத தகவல்.

அடிப்படை அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். டாவோ என்பது முழுச் சங்கிலியின் காசு. உச்ச வரம்பு 2.1 கோடி. ஒவ்வொரு சப்நெட்டும் ஒரு போட்டிக் களம். மைனர்கள் ஏஐ வேலையைச் செய்கிறார்கள், வேலிடேட்டர்கள் மதிப்பெண் போடுகிறார்கள், அதன்படி வெகுமதி பிரிகிறது. 2025 பிப்ரவரியில் டைனமிக் டாவோ வந்த பிறகு ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஆல்ஃபா எனப்படும் தனி டோக்கன் உண்டு.

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சப்நெட்டில் ஸ்டேக் செய்தால் (டாவோவை அதன் வேலிடேட்டரிடம் போட்டுவைத்தால்) உங்கள் டாவோ பத்திரமாக ஓரிடத்தில் உட்கார்ந்து வட்டி தருவதில்லை. அது பூலுக்குள் போகிறது, பதிலுக்கு உங்களுக்கு ஆல்ஃபா வருகிறது. அதாவது நீங்கள் ஒரு டோக்கனை விற்று இன்னொன்றை வாங்கியிருக்கிறீர்கள். திரும்பி வரும்போது அன்றைய விலைதான். சப்நெட் 0, அதாவது ரூட், மட்டும் விதிவிலக்கு. அங்கே அசல் டாவோவாகவே இருக்கும். முதன்முறை வருபவர்களுக்கு நான் ரூட்டைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

## 1. சங்கிலியின் சாவி யாரிடம் என்று பாருங்கள்

சீட்டு சேருமுன் நடத்துபவர் யார் என்று விசாரிக்காதவர் நம் ஊரில் இல்லை. கிரிப்டோவில் மட்டும் முகப்புப் பக்கத்தில் "பரவலாக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் அந்த விசாரணையை விட்டுவிடுகிறோம்.

2024 ஜூலை தொடக்கத்தில் பலருடைய வாலெட்டுகளிலிருந்து சுமார் 32,000 டாவோ திருடப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 லட்சம் டாலர். திருட்டு நடப்பது தெரிந்ததும் சங்கிலி 'சேஃப் மோட்'டுக்கு மாற்றப்பட்டது. பிளாக்குகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் யாராலும் பரிவர்த்தனை செய்ய முடியவில்லை. மேலும் திருட்டு நடக்காமல் தடுத்தது நல்லதுதான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ஒரு சிறிய குழு முடிவெடுத்தால் எல்லோருடைய பணமும் நகராமல் நிற்கும். பிளாக்குகளை உருவாக்கும் நோடுகள் (கணினிகள்) ஓப்பன்டென்சர் அறக்கட்டளையின் கட்டுப்பாட்டில் இருந்ததால்தான் அது சாத்தியமானது.

விதிகளை மாற்றும் ஏற்பாடும் அதே அளவு குறுகலாகவே அமைக்கப்பட்டது. அறக்கட்டளையைச் சேர்ந்த மூவர் குழு முன்மொழியும், பெரிய வேலிடேட்டர்கள் அடங்கிய செனட் வாக்களிக்கும். சிறிய முதலீட்டாளருக்கு நேரடி வாக்கு இல்லை. தான் ஸ்டேக் செய்யும் வேலிடேட்டரைத் தேர்ந்தெடுப்பதுதான் அவருக்குள்ள ஒரே குரல்.

நீங்கள் பணம் போடும் நாளில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள்:

- இன்று பிளாக்குகளை உருவாக்குபவர்கள் யார், எத்தனை தனித்தனித் தரப்புகள்?
- சங்கிலியின் மென்பொருளை மாற்ற எத்தனை பேரின் கையெழுத்து வேண்டும்?
- மாற்றம் அறிவிக்கப்படுவதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையே எத்தனை நாள்?

மூன்றாவதுதான் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். அந்த இடைவெளிதான் நீங்கள் வெளியேறக் கிடைக்கும் நேரம்.

வழக்கமான தவறு: சப்நெட்டில் மதிப்பெண் போடும் வேலிடேட்டர்களையும் சங்கிலியின் பிளாக்கை உருவாக்கும் நோடுகளையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வது. எக்ஸ்ப்ளோரரில் நூற்றுக்கணக்கான வேலிடேட்டர்கள் தெரிவார்கள். அவர்கள் சப்நெட்டின் நடுவர்கள், சங்கிலியை இயக்குபவர்கள் அல்லர்.

## 2. விதிகள் எத்தனை முறை மாறின என்று வரிசைப்படுத்துங்கள்

2025 பிப்ரவரிக்கு முன் எந்தச் சப்நெட்டுக்கு எவ்வளவு புது டாவோ என்பதை ரூட்டில் இருந்த 64 வேலிடேட்டர்கள் தீர்மானித்தார்கள். அதன்பின் ஆல்ஃபாவின் விலை தீர்மானித்தது. 2025 இறுதியில் அதுவும் மாறி, சப்நெட்டுக்குள் நிகரமாக எவ்வளவு டாவோ வருகிறது, போகிறது என்பது அடிப்படையானது. 2025 டிசம்பரில் முதல் ஹாவிங்கும் வந்தது. நாளொன்றுக்கு 7,200 டாவோவாக இருந்த புது வெளியீடு 3,600 ஆனது.

ஹாவிங் எல்லோருக்கும் முன்பே தெரிந்தது, நிரலில் எழுதப்பட்டது. மற்ற இரண்டும் அப்படியல்ல. ஒரே வருடத்துக்குள் வெகுமதியைப் பிரிக்கும் சூத்திரமே இரண்டு முறை மாறியிருக்கிறது. "இந்தச் சப்நெட்டின் விலை உயர்ந்தால் எமிஷன் (அதற்குக் கிடைக்கும் புது டாவோ) கூடும், எமிஷன் கூடினால் விலை உயரும்" என்று கணக்குப் போட்டு வந்தவர்களின் கணக்கு, அவர்கள் எந்தத் தவறும் செய்யாமலேயே செல்லாததாகிவிட்டது.

ஆகவே உங்கள் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: "நான் இதில் பணம் போடுவது ஏனென்றால்..." அந்த வரி இன்றைய எமிஷன் சூத்திரத்தை நம்பியிருந்தால் பக்கத்தில் சிவப்புக் குறி போடுங்கள். சூத்திரம் மாறினாலும் நிற்கும் காரணம் ஒன்றாவது வேண்டும்.

பிட்டென்சரை விட்டு வேறு ஏஐ டோக்கன்களைப் பார்ப்பவர்களுக்கு இதே படியில் கூடுதல் வேலை உண்டு: அறக்கட்டளைகளின் கையிருப்பு. 2024இல் ஃபெட்ச், சிங்குலாரிட்டிநெட், ஓஷன் மூன்றும் ஏஎஸ்ஐ கூட்டணியாக இணைந்தன. டோக்கன் வைத்திருந்தவர்கள் வாக்களித்தார்கள், மாற்று விகிதமும் தீர்மானமானது. 2025 அக்டோபரில் ஓஷன் வெளியேறியது. ஓஷன் தரப்பு பெருமளவு டோக்கன்களை மாற்றி விற்றுவிட்டதாக ஃபெட்ச் தரப்பு குற்றம் சாட்டியது, ஓஷன் தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வாக்கெடுப்பு இணைப்புக்கு நடந்தது. பொதுக் கருவூலத்தில் உள்ள டோக்கனை யார், எப்போது விற்கலாம் என்பதில் சாதாரண முதலீட்டாளருக்குப் பிடி இருக்கவில்லை. முன்கூட்டியே டோக்கன் ஒதுக்கிக்கொள்ளாமல் தொடங்கியது என்பதால் பிட்டென்சரில் இந்த ஆபத்து குறைவு. மற்ற நெட்வொர்க்குகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## 3. சப்நெட் ஓனரை ஆராயுங்கள்

சப்நெட்டில் பங்கேற்பவர்களுக்கு வரும் ஆல்ஃபாவில் 18% ஓனருக்கு, 41% மைனர்களுக்கு, 41% வேலிடேட்டர்களுக்கும் அவர்களிடம் ஸ்டேக் செய்தவர்களுக்கும். தொடக்கக் கட்டத்தில் பிளாக்குக்கு ஒரு ஆல்ஃபா, 12 நொடிக்கு ஒரு பிளாக். அப்படியானால் நாளொன்றுக்கு 7,200 ஆல்ஃபா. அதில் ஓனருக்கு 1,296, மைனர்களுக்கு 2,952.

மைனர்கள் ஜிபியு வாடகையும் மின்கட்டணமும் கட்ட வேண்டும். அவர்கள் விற்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓனர் விற்பதைத்தான் கவனிக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் சப்நெட் பக்கத்துக்குப் போய், ஓனரின் கோல்ட்கீ (பணத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சாவி) முகவரியை எடுத்து, கடைசி 30 நாள் பரிவர்த்தனைகளைப் பாருங்கள். கிடைப்பதில் ஒரு பகுதியை விற்றுச் சம்பளம் கொடுப்பது இயல்பு. கிடைத்த நாளிலேயே முழுவதையும் விற்றால், தன் சப்நெட்டை அவரே நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து, நிரல்களை வெளியிடும் கிட்ஹப் தளம். மதிப்பெண் போடும் நிரல் சங்கிலியில் இல்லை, ஓனர் வெளியிடும் மென்பொருளில் இருக்கிறது. வேலிடேட்டர்கள் அதை இறக்கி ஓட்டுகிறார்கள். கடைசி மாற்றம் எப்போது, எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

நிரல் படிக்கத் தெரியாதவர்களும் ஒரு கேள்வியைச் சப்நெட்டின் டிஸ்கார்டில் கேட்கலாம்: "மதிப்பெண் போட வேலிடேட்டர் உங்கள் சர்வரை அழைக்க வேண்டுமா?" ஆம் என்றால், பெயருக்கு எத்தனை வேலிடேட்டர்கள் இருந்தாலும் யாருக்கு வெகுமதி என்பதை முடிவு செய்வது அந்த ஒரு சர்வர்தான். இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராமல் கிண்டல் வந்தால் அதையும் விரிதாளில் எழுதுங்கள்.

கடைசியாக ஸ்டேக்கின் குவிப்பு. அதிக ஸ்டேக் உள்ள முதல் மூன்று வேலிடேட்டர்களிடம் எத்தனை சதவீதம்? பாதிக்கு மேல் என்றால் மூன்று பேர் பேசிவைத்து முடிவெடுக்கக்கூடிய இடம் அது.

## 4. பூலின் ஆழத்தை அளந்துபாருங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை மேலோட்டமாகப் பார்த்தாலும் இதை விடாதீர்கள்.

ஒரு சிறிய சப்நெட்டை எடுத்துக்கொள்வோம். பூலில் 1,000 டாவோ, 50,000 ஆல்ஃபா. விலை 0.02 டாவோ. இரண்டு பக்கங்களையும் பெருக்கினால் வரும் எண் மாறாமல் இருக்கும்படிதான் பூல் அடிப்படையில் இயங்குகிறது. கட்டணங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடலாம்.

நீங்கள் 50 டாவோ போடுகிறீர்கள். திரையில் தெரிந்த விலைப்படி 2,500 ஆல்ஃபா வர வேண்டும். வருவது 2,381. ஏறக்குறைய 5% அங்கேயே போனது. இதுதான் ஸ்லிப்பேஜ்.

ஏமாற்றுவது அடுத்த காட்சி. நீங்கள் வாங்கியதாலேயே விலை 0.02205 ஆகிவிட்டது. திரை உங்கள் 2,381 ஆல்ஃபாவை இந்தப் புது விலையால் பெருக்கி 52.5 டாவோ என்று காட்டும். போட்ட நிமிடத்திலேயே 5% லாபம்! புதியவர்கள் இதைத் திரைப்பிடித்துக் குழுவில் போடுவதைப் பார்க்கலாம். அந்த நொடியில் முழுவதையும் விற்றால் வருவது 50 டாவோதான், கட்டணம் போக அதிலும் சற்றுக் குறையும்.

இப்போது உங்களுக்கு முன் வேறொருவர் 5,000 ஆல்ஃபாவை விற்கிறார் என்று வையுங்கள். அதன்பின் நீங்கள் விற்றால் கைக்கு வருவது சுமார் 41 டாவோ. அந்த 5,000 என்பது மைனர்களுக்கு இரண்டு நாளில் வரும் ஆல்ஃபாவைவிடக் குறைவு.

இன்னும் ஒரு கணக்கு. பூலுக்கு வெளியே, எல்லோருடைய கையிலும் சேர்த்து 10 லட்சம் ஆல்ஃபா இருக்கிறது என்போம். விலை 0.02 என்றால் "சந்தை மதிப்பு" 20,000 டாவோ என்று தளம் காட்டும். ஆனால் பூலில் இருப்பது 1,000 டாவோ மட்டுமே. எல்லோரும் வெளியேற முயன்றால் பகிர்ந்துகொள்ள இருப்பதும் அவ்வளவுதான். சப்நெட்டுகளுக்கு 128 இடங்கள்தான். இடம் நிறைந்திருக்கும்போது புதியது வந்தால் பின்தங்கிய ஒன்று நீக்கப்படலாம். அப்போது ஆல்ஃபா வைத்திருப்பவர்களுக்குப் பூலில் உள்ள டாவோ விகிதப்படி பிரியும். நம் எடுத்துக்காட்டில் ஒரு ஆல்ஃபாவுக்குச் சுமார் 0.001 டாவோ. திரையில் தெரிந்த விலையில் இருபதில் ஒரு பங்கு.

செய்ய வேண்டியவை:

1. பூலில் உள்ள டாவோவையும் வெளியே உள்ள ஆல்ஃபாவையும் எழுதுங்கள்.
2. முதலதை இரண்டாவதால் வகுங்கள். மோசமான நாளில் ஒரு ஆல்ஃபாவுக்கு மிஞ்சும் தொகையின் தோராயம் அது.
3. நீங்கள் போடும் தொகை பூலின் டாவோவில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1% என்றால் ஸ்லிப்பேஜும் ஏறக்குறைய 1 சதவீதத்தோடு நிற்கும். இது என் வரம்பு, நீங்கள் இன்னும் இறுக்கமாக வைக்கலாம், தளர்த்த வேண்டாம்.
4. ஸ்டேக் செய்யும்போது விலை விலகல் வரம்பை நிர்ணயியுங்கள். வரம்பில்லாத பெரிய ஆர்டரைப் பார்த்து முன்னால் புகுந்து வாங்கும் போட்கள் (தானியங்கி நிரல்கள்) உண்டு.

## 5. வெளியிலிருந்து பணம் வருகிறதா?

இது சின்னப் படி. சப்நெட் விற்கும் சேவைக்கு, டோக்கனோடு சம்பந்தமில்லாத யாராவது காசு கொடுக்கிறார்களா? விலைப்பட்டியல் இருக்கிறதா, நீங்களே பதிவு செய்து பயன்படுத்த முடிகிறதா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். வருமானத்தால் ஆல்ஃபாவைத் திரும்ப வாங்குகிறோம் என்று சொன்னால், எந்த முகவரியிலிருந்து என்று கேட்டு எக்ஸ்ப்ளோரரில் தேடுங்கள். முகவரி தராத "பைபேக்" அறிவிப்புக்கு மதிப்பில்லை.

வெளி வருமானம் இல்லாத சப்நெட் கெட்டது என்று அர்த்தமில்லை, பல இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை. ஆனால் உங்கள் வெகுமதி முழுவதும் புதிதாக அச்சிடப்படும் டோக்கன் என்பதும், அதை வாங்க இன்னொருவர் வர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

## 6. வாலெட்டை அமைத்து, சிறு தொகையில் சோதியுங்கள்

2024 திருட்டின் வழி இது: பிட்டென்சரின் 6.12.2 பதிப்பு என்ற பெயரில் ஒரு தீய தொகுப்பு 2024 மே மாதக் கடைசியில், பைத்தான் மென்பொருள் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் சில நாள் இருந்தது. அதை இறக்கி, ஸ்டேக்கோ பணமாற்றமோ செய்தவர்களின் கோல்ட்கீ விவரம் திருடர்களுக்குப் போனது. பணம் போனது அடுத்த மாதத்தையும் தாண்டி, ஜூலையில். அதிகாரபூர்வ பெயரில் வந்ததை நிறுவியவர்கள்தான் இழந்தார்கள்.

ஆகவே கட்டளை வரியில் வேலை செய்பவர்கள் புதுப் பதிப்பு வந்த அன்றே நிறுவ வேண்டாம். கோல்ட்கீ, தனிக் கருவியான ஹார்டுவேர் வாலெட்டில் இருக்கட்டும். மீட்புச் சொற்களைத் தாளில் எழுதுங்கள், கேலரியில் படமாக வைக்காதீர்கள்.

அசல் டாவோ முகவரி 5 என்ற எண்ணில் தொடங்கும். ஈத்தரியத்தில் ஓடும், டாவோவின் மாற்று வடிவமான டபிள்யூடாவோ முகவரி 0எக்ஸ் என்று தொடங்கும். டபிள்யூடாவோவை வாங்கிவிட்டு "ஸ்டேக் பண்ண வரலையே" என்று தவிப்பவர்கள் நிறைய. சப்நெட்டில் போட அசல் டாவோதான் வேண்டும்.

வேலிடேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எடுக்கும் பங்கைப் பாருங்கள். 18% வரை எடுக்கலாம். சிலர் மிகக் குறைவாக எடுப்பார்கள். பங்கு குறைவு என்பதற்காக மட்டும் போகாதீர்கள். முதல் படியில் சொன்னதுபோல் உங்கள் குரலும் அவரோடு போகிறது.

முதலில் மிகச் சிறு தொகையை அனுப்பி, ஸ்டேக் செய்து, உடனே அன்ஸ்டேக் செய்து, எக்ஸ்சேஞ்ச் வரை திருப்பி அனுப்பிப் பாருங்கள். உள்ளே போகும் வழியை மட்டும் சோதித்துவிட்டுப் பெரும் தொகையை அனுப்புவதுதான் நான் மிகுதியாகப் பார்க்கும் தவறு. கட்டணத்துக்கென்று கொஞ்சம் டாவோவை ஸ்டேக் செய்யாமல் விட்டுவையுங்கள்.

## 7. தொகையைத் தீர்மானிக்குமுன் வரிக் கணக்கு

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது லாபக் கணக்கையே மாற்றும். 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ். விற்பனையில் 1% டிடிஎஸ். ஒரு டோக்கனின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

ஒரு சப்நெட்டில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிஞ்சியது பூஜ்யம். வரி மட்டும் 31,200 ரூபாய். "பத்து சப்நெட்டில் பிரித்துப் போட்டால் ஆபத்து குறையும்" என்ற யோசனை இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம். பிரித்துப் போடப் போட, கழிக்க முடியாத நஷ்டங்களும் கூடும்.

டாவோவிலிருந்து ஆல்ஃபாவுக்கு மாறுவதும் ஒரு பரிமாற்றம்தான் என்று வைத்துக் கணக்கெழுதுங்கள். ஸ்டேக் வெகுமதிக்கு எந்த நாளில் என்ன மதிப்பு போடுவது என்பதை ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள், மார்ச் கடைசியில் கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்க்க வேண்டும்.

## 8. வெளியேறும் நிபந்தனைகளை வாங்குமுன் எழுதுங்கள்

வாங்கிய பிறகு எழுதினால் மனம் சாக்குச் சொல்லும். நான் வைத்திருப்பவை இவை: ஓனரின் கோல்ட்கீயிலிருந்து வழக்கத்துக்கு மாறான பெரிய விற்பனை, கிட்ஹப்பில் இரண்டு மாதம் அசைவில்லாமை, பூலின் டாவோ நான் நுழைந்தபோது இருந்ததில் பாதியாகக் குறைவது, எமிஷன் சூத்திர மாற்ற அறிவிப்பு. முதல் மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் பாதியை எடுத்துவிடுவேன், இரண்டு நடந்தால் முழுவதையும். நான்காவது வந்தால் இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு வரியைத் திரும்பப் படித்து, இன்னும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன்.

விலை வீழ்ச்சி அந்தப் பட்டியலில் இல்லை. டாவோ விழுந்தால் எல்லா சப்நெட்டும் சேர்ந்து விழும், அதற்கும் இந்தச் சப்நெட்டின் நிர்வாகத்துக்கும் தொடர்பில்லை. ஆல்ஃபாவின் விலையை ரூபாயில் பார்க்காமல் டாவோவில் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வாரம் ஒருமுறை விரிதாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். வெளியேறும்போது பூல் சிறியதாக இருந்தால் ஒரே தடவையில் விற்காமல் சில நாள்களில் பிரித்து விற்கலாம். ஆனால் ஓனரும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை, ஸ்லிப்பேஜைப் பொறுத்துக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள். டாவோ வாலெட்டுக்கு வந்ததும் அந்தப் பரிவர்த்தனையின் எண்ணையும் அன்றைய ரூபாய் விலையையும் அதே வரியில் ஒட்டிவையுங்கள். ஆடிட்டர் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.